கிதேரி: மக்காச்சோளமும் பயறும் ஒரே பானையில்

கென்யாவின் கிகுயு மக்கள் வீட்டில் அன்றாடம் சமைக்கிற சாப்பாடு கிதேரி. மக்காச்சோளத்தையும் பயறையும் சேர்த்து வேகவைத்து, வெங்காயம் தக்காளியோடு வதக்கினால் ஆயிற்று. விக்டோரியா ஏரிப் பக்கத்து லுவோ மக்கள் இதையே நியோயோ என்பார்கள். கென்யாவில் விடுதிப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கிதேரி தின்று சலித்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். 2017 ஆகஸ்ட் 8 தேர்தலன்று, வாக்குச்சாவடி வரிசையில் நின்றபடியே பிளாஸ்டிக் பையிலிருந்து கிதேரி எடுத்துத் தின்ற ஒருவரின் படம் நாடு முழுக்கப் பரவிச் சிரிப்பை மூட்டியது. அவ்வளவு சாதாரணமான சாப்பாடு இது.

பெங்களூரில் கொத்தனூர், ஹென்னூர், கம்மனஹள்ளிப் பக்கம் ஆப்பிரிக்க மாணவர்கள் நிறையப் பேர் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்களுக்கு நண்பராக இருந்தால் இந்தச் சாப்பாடு அவர் அறையில் கொதிப்பதைப் பார்த்திருக்கலாம். தேவையான சாமான் எல்லாமே இந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கிறது. அதில் வியப்பில்லை, நம் காராமணியும் மொச்சையும் ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர்கள்தான்.

இதில் கைப்பக்குவம் என்று ஒன்றே ஒன்றுதான்: மெதுவாக வேகும் மக்காச்சோளமும் சீக்கிரம் வேகும் பயறும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வர வேண்டும். அது சரியாக வந்துவிட்டால் மசாலா எதுவும் உங்களைக் காப்பாற்ற வேண்டியிருக்காது.

மக்காச்சோளம் வாங்கும்போது

சூப்பர் மார்க்கெட்டில் கண்ணில் படுவது ஸ்வீட் கார்ன். அதை விட்டுவிடுங்கள். இனிப்பு தூக்கலாக இருக்கும், கொதித்தால் குழையும், மென்று தின்ன ஒன்றும் மிஞ்சாது. பாப்கார்ன் மணியும் வேண்டாம், எவ்வளவு வேகவைத்தாலும் அதன் தோல் முரண்டு பிடிக்கும்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, முற்றிய பச்சைக் கதிர். மழைக்காலத்தில் தள்ளுவண்டியில் கரியில் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருகிறார்களே, அந்த நாட்டுக் கதிர். வண்டிக்காரரிடம், “அண்ணா, ஸ்வீட் வேண்டாம், நாட்டிதான் வேணும், சுடாம கொடுங்க” என்று கேட்டால் கொடுப்பார். தோகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பால் பீய்ச்சினால் இளசு. மாவுபோல் கெட்டியாகப் பிதுங்கினால் சரியான பதம். நகமே இறங்கவில்லை என்றால் அது உலர்ந்த மணிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. முதல்முறை சமைப்பவர்கள் பச்சைக் கதிரில் தொடங்குவது நல்லது, பாதி வேலை குறையும்.

இரண்டாவது வழி, உலர்ந்த மணி. கென்யாவில் பெரும்பாலும் வெள்ளை மணி. இங்கே தாவணகெரே, ஹாவேரிப் பக்கம் ஏராளமாக விளைவது மஞ்சள். சுவையில் சிறு வித்தியாசம் உண்டு, சமையலில் இல்லை. தானியக் கடையில் வெறுமனே ‘ஜோள’ என்று கேட்டால் ரொட்டி தட்டும் வெள்ளைச் சோளத்தை நிறுத்துப் போட்டுவிடுவார்கள். ‘முசுக்கின ஜோள’ என்று கேளுங்கள், வடகர்நாடகத்துக் கடைக்காரர் என்றால் ‘கோவின ஜோள’.

உலர்ந்த மணியில் மூன்று எச்சரிக்கை. இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

விதைக்கடையில் விற்கும் மக்காச்சோளத்தைச் சமைக்கவே கூடாது. பூஞ்சைக்கொல்லி மருந்து பூசியிருப்பார்கள். இளஞ்சிவப்போ வேறு சாயமோ ஏறிய மணி என்றால் அதுதான். கழுவினால் போகாது.

கோழித்தீவனம், புறாத்தீவனம் என்று விற்கும் மணியையும் வாங்காதீர்கள். மனிதர் தின்பதற்கென்று அதை யாரும் தரம் பிரிப்பதில்லை.

கறுத்தது, பச்சை பூத்தது, சுருங்கியது, முக்கல் வாடை அடிப்பது எதுவானாலும் பொறுக்கி எறியுங்கள். ஒரு பிடியில் நாலைந்து அப்படி இருந்தால் மொத்தப் பையையும் திருப்பிக் கொடுங்கள். ஈரத்தில் கிடந்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு சேரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் நூறு பேருக்கு மேல் இதனால் இறந்தார்கள். 2004இல் கென்யாவில் 125 பேர். இரண்டு இடத்திலும் காரணம் வீட்டில் வைத்திருந்த மக்காச்சோளம்தான்.

எந்தப் பயறு?

கென்யாவில் பெரும்பாலும் ராஜ்மா இனத்துப் பயறு போடுகிறார்கள். பெங்களூரில் எது கிடைத்தாலும் போடலாம். ஊறவைத்த பின் குக்கரில் சிறு தீயில் எடுக்கும் நேரம்:

ராஜ்மா: 12 முதல் 15 நிமிடம்
உலர்ந்த மொச்சை: 10 முதல் 12 நிமிடம்
முழுத் துவரை: 10 முதல் 12 நிமிடம்
காராமணி (கன்னடக் கடையில் அலசந்தெ): 5 முதல் 7 நிமிடம்

என் ஓட்டு மொச்சைக்கு. கிகுயு வீடுகளில் ஞாஹி என்று கறுப்பு மணியில் வெள்ளைக் கோடு விழுந்த ஒரு பயறு உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு அதைச் சமைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அது நம் மொச்சையின் இனமேதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெங்களூர் முழுக்க அவரெகாய் (பச்சை மொச்சை) மணக்கும் பருவம். விவி புரத்தில் மேளாவே நடத்திக் கொண்டாடுகிற சரக்கு. அந்த மாதங்களில் பச்சை மொச்சையை உரித்துப் போட்டால் ஊறவைக்கிற வேலையும் இல்லை. ஆனால் பிதுக்குப் பருப்பாகத் தோலை நீக்கிவிடாதீர்கள், தோலோடு முழுசாகக் கிடந்தால்தான் கிதேரி.

குறிப்பு: பழைய பயறு எளிதில் வேகாது. டப்பாவின் அடியில் ஒரு வருடமாகக் கிடந்த ராஜ்மாவைத் தீர்ப்பதற்கு இந்தச் சமையலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தண்ணீர்

பயறு வேகவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் பழி போட வேண்டியது தண்ணீர் மேல். பெங்களூரில் பல அடுக்ககங்களில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினநீரில் பயறின் தோல் இறுகிப்போகும். உங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

இன்னொன்று உயரம். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். இங்கே தண்ணீர் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே திறந்த பாத்திரத்தில் சென்னையைவிட இங்கே கொஞ்சம் கூடுதல் நேரமாகும். நைரோபி இன்னும் உயரம், 1,800 மீட்டர் ஒட்டி. அங்கே கரி அடுப்பில் மணிக்கணக்காகப் பானை கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களிடம் குக்கர் இருக்கிறது, கவலை வேண்டாம்.

சோடா உப்பு போடலாமா? கென்யாவில் மகாடி ஏரியில் எடுக்கும் சோடாவைச் சிலர் போடுகிறார்கள் (அவரெகாய்க்குப் பேர்போன நம் மாகடி வேறு). தண்ணீர் கடினமாக இருந்து வேறு வழியில்லை என்றால் ஊறவைக்கும்போது கால் டீஸ்பூனில் பாதி ஆப்பச் சோடா போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதற்கு மேல் போட்டால் பயறு வழவழத்து, சோப்பு வாடை வரும்.

நான்கு பேருக்குத் தேவையானவை

உலர்ந்த மக்காச்சோளம் 1½ கப் (அல்லது முற்றிய கதிர் 4)
ராஜ்மா அல்லது மொச்சை 1 கப்
பெரிய வெங்காயம் 2, தக்காளி 3, பூண்டு 4 பல்
உருளைக்கிழங்கு 2, கேரட் 1
நூல்கோல் இலை அல்லது தண்டுக்கீரை ஒரு கைப்பிடி
எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், கொத்தமல்லி, உப்பு
மிளகுத்தூளோ கறித்தூளோ அரை டீஸ்பூன், விருப்பப்பட்டால்

குக்கர் 5 லிட்டராவது இருக்கட்டும். 3 லிட்டரில் செய்வதானால் அளவைப் பாதியாக்குங்கள்.

செய்முறை: முந்தின நாள்

1. மக்காச்சோளத்தைத் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். மிதக்கும் சொத்தையையும் உமியையும் ஊற்றிவிடுங்கள். உமி குக்கர் வெயிட் குழாயை அடைக்கும்.

2. மக்காச்சோளத்தை 12 மணி நேரம் ஊறவையுங்கள். பெங்களூரின் டிசம்பர் குளிரில் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டலாம். ஏப்ரல் வெயிலில் நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புளித்து நுரைக்கும்.

3. பயறைத் தனிப் பாத்திரத்தில் 8 மணி நேரம் ஊறவையுங்கள். இரண்டையும் ஒன்றாக ஊறப்போட்டு அலுப்பைக் குறைக்க நினைக்காதீர்கள், பிறகு பிரிக்க முடியாது.

செய்முறை: சமைக்கும் நாள்

4. மக்காச்சோளத்தின் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் போடுங்கள். 5 கப் புதுத் தண்ணீர், ஒரு டீஸ்பூன் எண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும். மொத்தமும் குக்கரில் பாதிக்கு மேல் வரக்கூடாது.

5. பெரிய தீயில் முதல் விசில் வரட்டும். பிறகு சிறு தீயில் 35 நிமிடம். விசிலை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக் குக்கரும் ஒவ்வொரு விதமாகக் கூவும்.

6. அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் பயறின் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடம் திறந்து கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். ராஜ்மாவுக்கும் மொச்சைக்கும் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. ஏன் என்பது கீழே.

7. குக்கர் தானாக அடங்கட்டும். திறந்து ஒரு மணியை எடுத்து ஆறவைத்துக் கடித்துப் பாருங்கள். மணி இரண்டு மடங்கு பருத்து, தலைப்பக்கம் வெடித்து மலர்ந்திருக்க வேண்டும். கடிக்கும்போது நடுவில் சுண்ணாம்புத் துண்டுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிச்சம் இருந்தால் முக்கால் வேக்காடு. இப்போதுதான் பயறு சேர்க்கும் நேரம். மணி இன்னும் கல்லாக இருந்தால் 10 நிமிடம் கூட வையுங்கள், பயறு காத்திருக்கட்டும்.

8. பயறையும் அரை டீஸ்பூன் உப்பையும் போடுங்கள். தண்ணீர் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அங்குலம் நிற்க வேண்டும். முதல் விசிலுக்குப் பிறகு, மேலே சொன்ன நேரப்படி சிறு தீயில் வைத்து இறக்குங்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும். குழாயடியில் காட்டினால் பயறின் தோல் உரிந்து குழம்பெல்லாம் மிதக்கும்.

9. அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தை ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். பூண்டு, பிறகு தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும்வரை பொறுமை காட்டுங்கள். இந்தச் சமையலின் ருசி முழுக்க இந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது.

10. உருளை, கேரட் துண்டுகள், உப்பு, கறித்தூள். இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, வெந்த மக்காச்சோளம், பயறு, ஒன்றரைக் கப் வெந்த தண்ணீர் சேர்த்து மூடி, 12 முதல் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

11. உருளை வெந்ததும் ஒரு கரண்டி அளவை வாணலி ஓரத்தில் வைத்து மசித்துவிடுங்கள். குழம்பு தானாகக் கெட்டிப்படும். சோளமாவு கரைத்து ஊற்ற வேண்டாம்.

12. நறுக்கிய கீரை போட்டு மூன்று நிமிடம். கொத்தமல்லி தூவி இறக்குங்கள்.

பச்சைக் கதிரில் செய்கிறவர்கள் 1, 2, 4, 5, 7 ஆகிய படிகளை விட்டுவிடலாம். கதிரைக் கத்தியால் சீவாமல் கையால் ஒரு வரிசையை உதிர்த்துவிட்டால் மற்றவை கட்டைவிரல் தள்ளலில் முழு மணியாக உதிரும். 3, 6 முடிந்ததும் மணியையும் பயறையும் சேர்த்து ஒரே தடவையாக 15 நிமிடம் வேகவைத்தால் போதும்.

கீரையைப் பற்றி ஒரு வார்த்தை. கென்யாவில் போடும் சுகுமா விகி என்ற இலை, கோஸ் குடும்பம். நூல்கோல் இலையும் அதே இனம்தான். காய்கறிக்காரர் நூல்கோலை விற்றுவிட்டு இலையைத் தூக்கி எறிகிறார், கேட்டால் சும்மாவே தருவார்.

ராஜ்மாவும் மொச்சையும்: படிக்காமல் தாண்ட வேண்டாம்

அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சு தங்கிவிடும். நாலைந்து பச்சைப் பயறு போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, பிறகு பேதி. ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, கொதிநிலையில் வேகவைத்தால் அது அழிந்துவிடும். குக்கரில் முழுமையாக வெந்த பயறைப் பற்றிய பயம் வேண்டாம்.

ஆபத்து இருப்பது மந்தச் சூட்டில். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரமும், நம் வீடுகளில் சோறு வைக்கிற தெர்மல் குக்கரும் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கும். 75, 80 பாகையில் பல மணி நேரம் கிடந்த ராஜ்மா பச்சைப் பயறைவிட மோசம். பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்கி, இப்படிப்பட்ட மின்பாத்திரம் ஒன்றை மட்டும் வைத்துச் சமைக்கிற மாணவர்கள் ராஜ்மாவைத் தவிர்த்துக் காராமணியை எடுப்பது நல்லது. அதையும் கொதிக்கக் கொதிக்கத்தான் வேகவைக்க வேண்டும். உலர்ந்த மொச்சையில் வேறு நஞ்சு, நிவாரணம் அதேதான்: ஊறவை, கொட்டு, கொதிக்கவை, கொட்டு.

குக்கர் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும்: மூடுமுன் வெயிட் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தெரிகிறதா பாருங்கள். வெந்துகொண்டிருக்கும்போது விசில் வராமல் ஓரத்தில் மட்டும் ஆவி கசிந்தால் அடுப்பை அணையுங்கள்.

தமிழ்க் கைக்கு வரும் தவறுகள்

தக்காளியை முதலிலேயே குக்கரில் போடுவது. புளிப்பு பட்டால் பயறின் தோல் மெத்தென்று ஆகாது. தக்காளி எப்போதும் 9ஆம் படியில்தான். புளி எந்தப் படியிலும் இல்லை.

கடுகு தாளிப்பது, சாம்பார்பொடி போடுவது, கடைசியில் தேங்காய் அரைத்து ஊற்றுவது. ருசியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது மொச்சைக் குழம்பு. முதல் தடவையாவது கையைக் கட்டிக்கொண்டு, மக்காச்சோளத்தின் மாவு மணம் மட்டும் வருகிற மாதிரி சமைத்துப் பாருங்கள்.

தண்ணீரை அதிகம் விடுவது. கிதேரி சாம்பார்போல் ஓடக்கூடாது. தட்டில் போட்டால் அப்படியே உட்கார வேண்டும்.

தோல் கடினமாக இருக்கிறது என்றால்

வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முழு மணியின் தோல் சரிப்படாது. கென்யாவின் கம்பா மக்கள் மக்காச்சோளத்தை உரலில் குத்தித் தோல் நீக்கி, முத்தொகோய் என்று தனியாகவே சமைக்கிறார்கள். அதற்குத் துவரை நல்ல ஜோடி.

தென்னாப்பிரிக்காவில் மணியைத் தோல் நீக்கி உடைத்துக்கொள்வார்கள். கோசா மக்களின் உம்ங்குஷோ அந்த உடைத்த மணியும் பயறும் சேர்ந்தது. நெல்சன் மண்டேலாவுக்குப் பிடித்த சாப்பாடு என்று பேர் வாங்கியது. 1860 முதல் டர்பனுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர் குடும்பங்களும் மக்காச்சோள நொய்யைச் சோறுபோல் ஆக்கித் தின்று பழகினார்கள்.

வீட்டில் செய்ய: உலர்ந்த மணி மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் வையுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று, மணி மூன்று நான்காக உடைந்தால் போதும். முறத்தில் புடைத்துத் தோலை ஊதிவிட்டு, மாவைச் சலித்து எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் குருணையை எட்டு மணி நேரம் ஊறவைத்தால் குக்கரில் 20 நிமிடத்தில் வெந்துவிடும். அடிபிடிக்கும் குணம் இதற்கு உண்டு, தண்ணீர் ஒரு கப் கூடுதலாக விடுங்கள்.

பரிமாறவும் எடுத்துவைக்கவும்

பக்கத்தில் ஒரு துண்டு பட்டர் ஃப்ரூட், நறுக்கிய வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு. கென்யர்களும் அவகாடோவோடு கிதேரி சாப்பிடுகிறவர்கள்தான். சோறு வேண்டாம், சப்பாத்தி வேண்டாம், ஒரு தட்டுக் கிதேரியே ஒரு வேளைக்குக் காணும்.

ஒவ்வொரு நாளும் இவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்க முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை இரட்டை அளவு வேகவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவையாக. கென்ய வீடுகளிலும் ஒரு பானை வேகவைத்து வைத்துக்கொண்டு வேண்டியபோது வதக்குவார்கள். 8ஆம் படியோடு நிறுத்தி, அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம். வெளியே எடுத்ததை நன்றாகக் கொதிக்கவிட்டே சாப்பிடுங்கள். வெங்காயம் தக்காளி போட்டு வதக்கிய கிதேரியை மறுநாளைக்கு மேல் வைக்காதீர்கள், உருளைக்கிழங்கு முதலில் ஊசிப்போகும்.